சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம்

"சென்னை எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பறக்கும்?" என்று கேட்டுக்கொண்டுதான் அநேகமானோர் நமது பயணக் கந்தோருக்குள் வருகிறார்கள். நீங்கள் மூவரும் இந்தக் கேள்விக்குத் திரையைப் பார்த்துப் பதில் சொல்வதைப் போன கிழமை பின்னால் இருந்து கேட்டேன். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குக் கடலுக்கு மேலாக முந்நூற்றைம்பது கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். ஏறி இறங்க ஒன்றேகால் மணித்தியாலம். தார் ரோட்டில் கொழும்புக்குப் போகிற தூரத்தைவிட அது குறைவு. சரியான பதில்தான். ஆனால் கேட்டவர் ஏன் கேட்டார் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இடுப்பு வலி அதிகமாகி, ஐம்பத்தாறு வயதில் நான் இந்த வேலையை விட்டேன். விட்ட பிறகும் முதலாளி என்னை மாதம் ஒரு தடவை கூப்பிட்டு, புதியவர்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்கிறார். ஆசனம் பதிவதும் விசாப் படிவம் நிரப்புவதும் உங்களுக்கு என்னைவிட வேகமாக வருகிறது. அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. கையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்போது எதை முதலில் செய்வது, எதைப் பேசாமல் விடுவது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். அதை நான் கற்றுக்கொண்டது ஒரு செத்தவீட்டில்.

சென்னைச் சேவை மறுபடி தொடங்கி, எங்களுடைய ஆட்கள் அதற்குப் பழகியிருந்த காலம். நெல்லியடியில் நம் கந்தோருக்குக் கிட்டவே உள்ள ஒரு சின்ன ஒழுங்கைத் தெருவிலிருந்து ஒரு கலியாணக் குடும்பம் வந்தது. மணமகள் யசோ. கூட அவளுடைய அம்மா, அம்மாவின் தம்பி. தகப்பன் இல்லாத வீடு, எல்லாவற்றையும் மாமாவே ஓடியோடிச் செய்தார். மாப்பிள்ளை பிரான்சில் இருக்கிறவர். அகதியாகப் போனபடியால் இலங்கைக்குள் வர அவருக்கு வழியில்லை. அதனால் இரண்டு பகுதியும் சென்னையில் சந்தித்து அங்கேயே ஒரு கோயிலில் தாலி கட்டுவதென்று ஏற்பாடு. நம் கந்தோருக்கு இது புதிதல்ல. மாதத்தில் இரண்டு மூன்று கலியாணங்களை இப்படிக் கடலுக்கு மேலால் அனுப்பியிருக்கிறோம். மாப்பிள்ளைக்குக் கிடைத்த லீவு கொஞ்சம். முகூர்த்தம் காலையில். முந்தின நாள் பிற்பகல் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த விமானம் முகூர்த்தத்துக்குப் பிறகுதான் சென்னையில் இறங்கும்.

பயணச்சீட்டைக் கையில் கொடுக்கும்போது, எல்லோருக்கும் சொல்வதை அவர்களுக்கும் சொன்னேன். "பாஸ்போட்டைக் கைப்பையிலை வையுங்கோ. உடம்பை விட்டுப் பிரிக்க வேண்டாம்." அம்மா தலையை ஆட்டினார். மாமாவும் ஆட்டினார்.

பயண நாள் மதியம் பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். மாமா மோட்டார்சைக்கிளை வாசலில் சரித்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, ரிக்கற்றை நாளைக்கு மாத்தித் தாங்கோ."

"நாளைக்கு முகூர்த்தமெல்லோ அண்ணை?"

"ஓம். அதுதான் விளங்கேல்லை, என்ன செய்யிறதெண்டு."

கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். கதை துண்டு துண்டாக வந்தது.

பயணத்துக்கு வீட்டை விட்டு இறங்க நல்ல நேரம் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். விமானத்தின் நேரமும் சாத்திரியார் தரும் நேரமும் பொருந்தாவிட்டால், பயணப் பையை மட்டும் முன்கூட்டியே நல்ல நேரத்தில் எடுத்துப்போய் அயல் வீட்டில் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கியதாகக் கணக்கு. வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. போகும்போது வழியில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். யசோவுக்குச் சாத்திரியார் சொன்ன நேரம் பயணத்துக்கு முந்தின நாள் காலை. பை வைத்த வீடு, அதே ஒழுங்கையில் இருந்த ஓய்வு பெற்ற பஸ் டிரைவரின் வீடு. பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்கு வருடக்கணக்காக பஸ் ஓடி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஓய்வு பெற்ற மனிதர் என்று அவருக்குப் பெயர். கனடா, லண்டன் என்று அந்த ஒழுங்கையால் வெளிக்கிட்ட எல்லோரும் அவருடைய வீட்டில்தான் பை வைத்திருக்கிறார்கள். ராசியான வீடு.

"வழமையா ஒரு சீலைத் துண்டும் சாமிப் படமும்தானே அண்ணை வைக்கிறது?" என்றேன்.

"ஓம். நான்தான் பெட்டையின்ரை பாஸ்போட்டையும் உள்ளுக்கை வைச்சனான். பாஸ்போட் இல்லாமல் வைச்சால் அது பயணமே? சீலைத் துண்டுதான் சென்னைக்குப் போகும்."

அவருடைய நியாயம் அவருக்கு. நான் சிரிக்கவில்லை.

"இப்ப என்ன நடந்தது?"

"டிரைவர் அண்ணை விடியப்புறம் ஆஸ்பத்திரியிலை செத்துப்போனார். பின்னேரமே எடுக்கினமாம். இப்ப அது செத்தவீடு. செத்தவீட்டிலை கிடந்த பையை எடுத்துக்கொண்டு போய் மணவறையிலை இருக்கலாமோ? எங்கடை அக்கா மாட்டன் எண்டு நிக்கிறா. பெட்டை போவன் எண்டு நிக்கிறாள். காலமை முழுக்க உதுதான் சண்டை."

விடியலில் நடந்த ஒன்றுக்கு மதியம் வரை வீட்டுக்குள் சண்டை பிடித்துவிட்டு, கையில் நேரம் முடிகிறபோது கந்தோருக்கு வந்திருக்கிறார்கள். இது உங்களுக்கும் நடக்கும். "ஏன் காலமையே வரேல்லை?" என்ற கேள்வி உங்கள் வாயில் வந்து நிற்கும். அதை விழுங்குங்கள். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில் ஐந்து நிமிடம் போகும், ஒரு பயனும் இருக்காது.

கணக்கை மனதில் போட்டேன். பலாலியில் கவுன்ரர் இரண்டு மணிக்கு மூடும். இங்கிருந்து அவர்கள் பிடித்த வான் வண்டி ஒரு மணித்தியாலம் எடுக்கும். வாசல் சோதனைக்கும் நேரம் வேண்டும். புதுப் பாஸ்போட் ஒன்று அந்த நேரத்துக்குள் யாராலும் எடுக்க முடியாது. கொழும்பு வழியாக அனுப்பலாமா என்றால், அதற்கும் அதே பாஸ்போட்தான் வேண்டும். ஆகவே பாஸ்போட் கைக்கு வந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒருவித தெளிவு வந்தது.

மாமாவிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அண்ணை, பாஸ்போட் அந்த வீட்டிலை கிடக்கிறதோ பிரச்சினை, உங்கடை ஆக்கள் அந்த வீட்டை போறதோ பிரச்சினை?"

அவர் யோசித்தார். "ரெண்டும்தான். ஆனால் போறதுதான் பெரிய பிரச்சினை. கலியாணத்துக்கு வெளிக்கிட்ட ஆக்கள் செத்தவீட்டு வாசல் மிதிச்சால் பிறகு அக்கா ஒரு இடமும் வரமாட்டா."

"அப்ப நான் போறன். நான் ஒரு பகுதியும் இல்லை."

"பை அந்த வீட்டுக்குள்ளை கிடந்ததெல்லோ?"

"அதைப் பிறகு பாப்பம். முதல் பை எங்கை கிடக்குதெண்டு பாப்பம்."

துடக்கு, தீட்டு என்று ஒன்று உண்டா இல்லையா என்ற வாதத்தை நான் அந்த மேசையில் தொடங்கவில்லை. நான் வென்றிருந்தாலும் விமானம் போயிருக்கும். மனிதர்களின் நம்பிக்கையோடு மல்லுக்கட்ட நமக்குச் சம்பளம் இல்லை. அந்த நம்பிக்கைக்குள் எந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

யசோவுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, நான் நேரை போய் எடுத்துக்கொண்டு வாறன். எனக்கு உந்தத் துடக்கு ஒண்டும் இல்லை."

"நீ அங்கை போகக் கூடாது. போனால் உன்ரை அம்மா வரமாட்டா. நீ இப்ப வானிலை ஏறு. அம்மாவையும் ஏத்து. சாமானெல்லாம் ஏத்து. வெளிக்கிடு."

"பாஸ்போட் இல்லாமலோ?"

"ஓம். பாஸ்போட் இல்லாமல்தான். மாமா மோட்டார்சைக்கிளிலை வந்து உங்களைப் பிடிப்பார். பலாலி ரோட்டாலை வல்லை வெளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருங்கோ. பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு நான் ஸ்கூட்டரிலை பின்னாலை வருவன்."

அவளுடைய அம்மாவின் குரல் போனுக்குள் வந்தது. "பிள்ளை, பாஸ்போட் இல்லாமல் அங்கை போய் என்ன, கேற்றைப் பாத்துக்கொண்டு நிக்கிறதே? ஊர் சிரிக்கும்."

"அம்மா, சிரிக்கிறவை உங்களை இஞ்சை பாத்தும் சிரிப்பினம். ஏறுங்கோ."

இந்த முடிவைப் பற்றி நான் பிறகு அதிகம் யோசித்திருக்கிறேன். பாஸ்போட் கிடைத்த பிறகு வெளிக்கிடலாம் என்று அவர்களை வீட்டில் வைத்திருந்தால் அது ஒழுங்கான முடிவாகத்தான் தெரிந்திருக்கும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒழுங்கு ஒரு மணித்தியாலத்தைத் தின்றிருக்கும். தெரியாத ஒன்றுக்காகத் தெரிந்ததையும் நிறுத்தி வைக்காதீர்கள். நகரக்கூடியதை நகர்த்திவிடுங்கள்.

கவுன்ரருக்கு நானே போன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். மூன்று பேர் வருகிறார்கள், ஒருவருடைய பாஸ்போட் வேறு இடத்திலிருந்து வருகிறது, கடைசி நிமிடம் ஆகலாம். மறுமுனையில் இருந்த பெடியன், "இரண்டு மணிக்கு மேலை நான் ஒண்டும் செய்ய ஏலாது மிஸ்" என்றான். "இரண்டு மணிக்குள்ளை வருவினம்" என்றேன். நேரம் நீட்டித் தா என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் இல்லை என்பான், பிறகு அந்த இல்லையிலேயே நிற்பான்.

ஸ்கூட்டரில் ஒழுங்கைக்குள் இறங்கியபோது பறைச் சத்தம் கேட்டது. வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். முற்றத்தில் பந்தல். கந்தோரில் உடுத்திருந்த கடும் சிவப்புச் சேலையோடு அந்த வெள்ளைக்குள் நான் போய் நின்றேன். எல்லாக் கண்களும் திரும்பின.

வாசலில் நின்ற மூத்த மகனிடம் தணிந்த குரலில் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"பையோ? அப்பா உள்ளுக்கை கிடக்கிறார். நீங்கள் பை கேட்டு வந்திருக்கிறியள்?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அதுக்குள்ளை ஒரு பிள்ளையின்ரை பாஸ்போட் கிடக்கு. இரண்டு மணிக்கு முதல் பலாலியிலை நிக்க வேணும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்னறைக்குள் போனார். அலுமாரிக்குப் பக்கத்தில் பைகள் வைக்கும் இடம் ஒன்று இருந்தது. வெறுமை. கட்டிலுக்குக் கீழே பார்த்தார். சுவாமி அறையில் பார்த்தார். வெளியே வந்து கையை விரித்தார்.

வான் அப்போது வல்லை வெளியில் போய்க்கொண்டிருக்கும். அனுப்பியவள் நான்.

கேட்க இன்னும் ஒருவர் மட்டுமே மிச்சம். கூடத்தில் பிரேதத்தின் தலைமாட்டில் அவருடைய மனைவி இருந்தார். எழுபது வயதிருக்கும். ஒழுங்கை முழுவதும் அவரை 'டிரைவர் அம்மா' என்றுதான் கூப்பிடும். அவருடைய பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. புருசனின் நெற்றியில் பறந்த ஈயை ஓலை விசிறியால் விரட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடம் பையைப் பற்றிக் கேட்பதா? அந்த நேரத்தில் அது மனிதத்தன்மையா? இரண்டு அடி தள்ளி நின்று தயங்கினேன். அவரே நிமிர்ந்து என் சேலையைப் பார்த்தார்.

"நீ பயணக் கந்தோர்ப் பிள்ளையெல்லோ? பைக்கு வந்தனியோ?"

"ஓம் அம்மா."

"கிட்ட வா. பை இஞ்சை இல்லை."

நான் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். ஒப்பாரிக்குள் அவர் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

"விடியக் காத்தாலை ஆஸ்பத்திரியிலை இருந்து போன் வந்தது. இவர் போயிட்டார் எண்டு. போனை வைச்சவுடனை எனக்கு அந்தப் பைதான் கண்ணுக்கை நிண்டது. இவரைக் கொண்டுவர முந்தி அது வெளியிலை போக வேணும். வாழப்போற பிள்ளையின்ரை பை. திருப்பி அவையின்ரை வீட்டை குடுத்தால் பயணம் பின்னாலை போன மாதிரி. அதுதான் முன்னாலை அனுப்பினன். பலாலிப் பக்கம்."

"எங்கை அம்மா?"

"அச்சுவேலிக்கு, என்ரை தங்கச்சி வீட்டை. பாண் விக்கிறவன் ஓட்டோவிலை வந்தவன். அவனிட்டை குடுத்து விட்டனான். முதல் பை, பிறகு அழுவம் எண்டு நினைச்சன். பிறகு அழ நேரம் கிடைக்கேல்லை."

"யசோ வீட்டுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அம்மா?"

அவர் தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தார். மருமகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "செத்தவீட்டிலை இருந்து கலியாண வீட்டுக்கு எப்பிடி மாமி போன் எடுக்கிறது? அபசகுனம் எண்டு பேசுவினம்" என்றாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில்தான். இந்தப் பக்கத்தார் அபசகுனம் என்று சொல்லவில்லை, அந்தப் பக்கத்தார் அபசகுனம் என்று கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் மதித்ததால் வந்த பிழை அது. ஒருவரிலும் எனக்குக் கோபம் வரவில்லை.

"தங்கச்சியின்ரை போன் நம்பர் தாங்கோ அம்மா."

"நம்பர் என்னத்துக்கு? உதிலை இருக்கிறாள்" என்று எதிரே கைகாட்டினார்.

எதிரே ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண்தான் தங்கச்சி. அத்தான் செத்தால் வராமல் இருப்பாரா? அப்படியானால் பை பூட்டிய வீட்டுக்குள். பூட்டின் திறப்பு இவரிடம் இங்கே. வான் அங்கே. டிரைவர் அம்மா விசிறியால் தங்கச்சியின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எடியே, பை எங்கை?"

தங்கச்சி ஒப்பாரியை நிறுத்தி மூக்கைத் துடைத்தார். "நான் செத்தவீட்டுக்கு வாற ஆள். என்ரை வீட்டுக்குள்ளை வைச்சிட்டு வரலாமே? வெளிக்கிடேக்கை சந்தியிலை சைக்கிள் கடையிலை குடுத்தனான். நெல்லியடியிலை இருந்து கலியாண வான் வரும், குடு எண்டு சொல்லிப்போட்டன்."

"கடைக்காரன் நிப்பானோ?"

"நிப்பான். அவனுக்கு எங்கை போக்கிடம்? நாள் முழுக்க ரியூப்புக்குக் காத்து அடிச்சுக்கொண்டுதான் நிப்பான்" என்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார்.

முற்றத்துக்கு வந்து யசோவுக்குப் போன் எடுத்தேன். வான் அச்சுவேலிக்குக் கிட்டப் போய்விட்டிருந்தது. மாமாவும் அவர்களைப் பிடித்துவிட்டார். சந்தியில் சைக்கிள் கடை, செத்தவீட்டுக்குள் பை ஒரு நிமிடமும் கிடக்கவில்லை, பிரேதம் வருவதற்கு முன்பே வெளியே போய்விட்டது, உங்கள் பயணத்துக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். கடைசி வசனத்தை அம்மாவிடம் சொல்லச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா எடுத்தார். "தங்கச்சி, பை வந்திட்டுது. பாஸ்போட் இருக்கு. கடைக்காரன் சும்மா தரேல்லை. மணப்பொம்பிளை யார் எண்டு காட்டச் சொல்லி, இவள் இறங்கிக் கையைக் காட்டின பிறகுதான் தந்தவன். மருதாணியைப் பாத்தவன்."

"அக்கா என்ன சொல்லுறா?"

"பையைக் கண்டவுடனை வாங்கி மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறா."

நான் திரும்ப உள்ளே போய் டிரைவர் அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். "ஏறினாப் பிறகு எனக்கு வந்து சொல்லு."

சாதாரணமாகச் சொன்ன சொல் அது. ஒரு சாவீட்டுக்காரி கேட்டது பிறகு அவருக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்து நான் கந்தோரிலேயே இருந்திருக்கலாம். மேசையில் வேலை குவிந்திருந்தது. கவுன்ரரில் மூவரும் இரண்டு மணிக்குச் சற்று முந்திப் போய் நின்றார்கள் என்று செய்தி வந்தது. விமானம் மூன்று மணி தாண்டி எழுந்ததைப் போனில் பார்த்தேன். வீட்டுக்குப் போய் வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு மறுபடியும் அந்த ஒழுங்கைக்குள் போனேன்.

கிரியைகள் முடிந்திருந்தன. பாடை முற்றத்தில் இருந்தது. தூக்குவதற்கு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பறையடிப்பவர்கள் எழுந்துவிட்டார்கள். நான் வாசலில் கால் வைத்ததும் பாடையின் தலைமாட்டில் இருந்த டிரைவர் அம்மா என்னைக் கண்டார்.

"ஏறிட்டாளோ?"

"ஏறிட்டாள் அம்மா. இப்பதான் மேலை எழும்பினது."

"எத்தினை நேரம் பறக்கும்?"

இந்த வேலையில் அந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு மணித்தியாலம் என்றும் சொல்வதுண்டு, ஒன்றரை என்றும் சொல்வதுண்டு. கேட்பவரின் அவசரத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துச் சொல்வேன். அன்று ஏனோ அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏன் அம்மா கேக்கிறியள்?"

"அவள் வழியிலை நிக்கேக்கை இவரையும் வழியிலை இறக்கக் கூடாது. ரெண்டு பயணமும் எதிர்ப்படும். அவள் இறங்கட்டும். பிறகு இவரை எடுக்கலாம்."

"ஒன்றேகால் மணித்தியாலம் அம்மா. ஏறிக் கொஞ்ச நேரம் போயிட்டுது. இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு."

முற்றம் சலசலத்தது. மூத்த மகன் முன்னே வந்தார். "அம்மா, என்ன விசர்க்கதை இது? சனம் வெய்யிலுக்கை நிக்குது. ஐயர் போகவேணும். இருட்டுப்படப் போகுது."

டிரைவர் அம்மா எழுந்து நிற்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"உன்ரை அப்பா, இறங்க வேண்டிய ஆள் இறங்க முந்தி எப்பவாவது பஸ்ஸை எடுத்தவரே?"

பந்தலுக்குள் இருந்து யாரோ ஒரு கிழவர், "இல்லை. அந்த மனுசன் கடைசி மட்டும் எடுக்கமாட்டார். நானே எத்தினை தரம் ஏசியிருப்பன்" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று கூட்டத்தில் ஓடி அடங்கியது. தூக்க நின்றவர்கள் ஒவ்வொருவராக மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பந்தல் வாங்குகளில் குந்தினார்கள்.

அந்த ஒரு மணித்தியாலத்தை என் வேலைக் காலத்தின் நீளமான மணித்தியாலம் என்று சொல்லுவேன். விமானம் எங்கே நிற்கிறது என்று காட்டும் செயலி என் போனில் இருந்தது. ஆண்கள் என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"இப்ப எங்கை நிக்குது பிள்ளை?"

"கோடிக்கரையைத் தாண்டிட்டுது."

"அவ்வளவுதானோ? எங்கடை டிரைவர் எண்டால் இதுக்குள்ளை வவுனியா."

"அவர் வவுனியாவிலை தேத்தண்ணிக்கு நிப்பாட்டிப்போட்டு இருந்திருப்பார், கதையை விடு."

"இப்ப?"

"காரைக்கால் பக்கம். கரையோடை போகுது."

ஐயரும் தன் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் போனை எட்டிப் பார்த்தார். புதுச்சேரி தாண்டியது. சென்னைக்கு மிகக் கிட்டப் போனதும் அந்தச் சின்னப் படம் நேரே போகாமல் வளைந்தது. ஒரு சுற்று. மறுபடியும் வளைந்தது. ஓடுபாதைக்கு முறை காத்து வட்டமிடுகிறது என்று எனக்குத் தெரியும். பெரிய நிலையங்களில் அது வழமை. பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியாது.

"என்ன, திரும்பி வருதே?"

"இல்லை அண்ணை. இடம் கிடைக்கக் காத்து நிக்குது."

ஒன்றேகால் மணித்தியாலம் முடிந்துவிட்டது. நான் சொன்ன நேரம் முடிந்துவிட்டது. வெய்யில் மதிலுக்கு மேலே சரிந்திருந்தது. மூத்த மகன் என்னை ஒரு பக்கம் கூட்டிப்போனார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, இறங்கிட்டுதெண்டு சொல்லுங்கோவன். எப்பிடியும் இறங்கத்தானே போகுது. அம்மாவுக்கு என்ன தெரியும்?"

அவர் கேட்டது நியாயம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர், தகப்பனைக் கிடத்தி வைத்துக்கொண்டு ஒரு விமானத்துக்காக நிற்கிறார். ஒரு சொல் சொன்னால் எல்லோருக்கும் இலகு. பத்து நிமிட வித்தியாசத்தில் யாருக்கும் ஒரு நட்டமும் வராது.

உங்களுக்கும் இப்படிக் கேட்பார்கள். 'போய்ச் சேர்ந்துவிடுவார் என்று சொல்லுங்கள், விசா வந்துவிடும் என்று சொல்லுங்கள், வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும்.' அன்பில்தான் கேட்பார்கள். நம் மேசையில் விற்கிற பொருள் ஒன்றுதான்: நாம் சொல்லும் நேரத்தை நம்பி ஒரு மனிதர் தன் அடுத்த அடியை வைப்பார். அந்த அம்மா என் வாயை நம்பித் தன் புருசனை வெய்யிலில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிப் போனை வைத்த கையோடு அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையை நினைத்தவர் அவர். அவரிடம் பத்து நிமிடத்தைத் திருட என்னால் முடியாது.

"இல்லைத் தம்பி. இறங்கினாப் பிறகுதான் சொல்லுவன்" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு தாய்க்குப் பக்கத்தில் போய் மண்ணில் இருந்தார்.

நானும் டிரைவர் அம்மாவுக்குக் கிட்டப் போனேன். "அம்மா, நான் சொன்ன நேரத்தைவிடக் கொஞ்சம் பிந்துது. இன்னும் பத்து நிமிசம் வரலாம். சரியாச் சொல்லத் தெரியேல்லை."

"பிந்தட்டும். இவ்வளவு நேரம் இருந்தவர்தானே" என்று புருசனைப் பார்த்துச் சொன்னார். விசிறி நிற்கவில்லை.

மூன்றாவது சுற்றில் படம் நேராகியது. உயரம் குறைந்துகொண்டே வந்தது. அசைவு நின்றது. நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. யசோவின் குரல், பின்னால் விமானத்துக்குள் ஆட்கள் எழுந்து நிற்கும் சத்தம். "அக்கா, இறங்கிட்டம்."

போனை டிரைவர் அம்மாவின் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர், "ஓம் மேனை, சந்தோசமா இரு" என்று மட்டும் சொல்லிப் போனைத் தந்தார். அவர்கள் அங்கிருந்து இன்னும் கோயிலுக்குப் போக வேண்டும். காலையில் தாலி ஏறும். அதெல்லாம் இனி அவர்களுடைய பாடு.

அவர் விசிறியைக் கீழே வைத்தார். மகனின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"எடுங்கோ" என்றார்.

பறை முழங்கியது. ஆண்கள் பாடையைத் தோளில் ஏற்றினார்கள். வாசல்வரைக்கும் அவர் நிமிர்ந்தபடி கூடவே நடந்தார். பெண்கள் நிற்கவேண்டிய அந்த இடத்தில் நின்று, ஒழுங்கையின் முடக்கில் பாடை திரும்பும்வரை பார்த்தார். அதன் பிறகுதான், விடியலிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.